கசிவின் வரலாறு: காற்றின் மேல் நின்ற வண்டிகள்

வண்டியின் பாரத்தைக் காற்றின் மேல் ஏற்றிவைக்கும் முயற்சியின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் வரிசையாகவே எழுதப்படுகிறது. 1901இன் காப்புரிமைகள், 1950களின் அமெரிக்கப் பேருந்துகள், 1957இன் கேடிலாக், 1992இன் ரேஞ்ச் ரோவர் என்று அவ்வரிசை நீளும். அதில் கசிவுக்கு இடமிருப்பதில்லை. ஆனால் இத்தொழில்நுட்பம் எங்கே நிலைத்தது, எங்கே கழற்றி எறியப்பட்டது என்று பார்த்தால், கசிவும் அதைக் கவனிக்கும் பொறுப்பு யாரிடம் இருந்தது என்பதும்தான் அதைத் தீர்மானித்திருக்கின்றன. இருபது ஆண்டுகளைக் கடந்த எஸ்.யூ.வி. ஒன்று இரவோடிரவாக ஒரு மூலையில் தாழ்ந்து கிடப்பதை அந்த நீண்ட வரலாற்றின் ஓர் அத்தியாயமாகவே வாசிக்க வேண்டும்.

பாயிலின் பம்பு

காற்றை வில்லாகக் காணும் பார்வை மோட்டார் வண்டிகளுக்கு இரண்டு நூற்றாண்டுக்கும் மேல் முந்தையது. 1660இல் இராபர்ட் பாயில் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே காற்றின் வில்தன்மை பேசப்படுகிறது. அழுத்தினால் சுருங்கி, விட்டால் விரிந்து, தன்னை அழுத்துவதை எதிர்த்துத் தள்ளும் பொருளாக அவர் காற்றைக் கண்டார். 1662இல் அவர் முன்வைத்த விதியைப் பள்ளி மாணவரும் அறிவர்: வெப்பநிலை மாறாதிருக்கையில் கன அளவு பாதியானால் அழுத்தம் இரட்டிக்கும். ஏர் சஸ்பென்ஷனின் இயற்பியல் அடிப்படை இதுவே.

பாயிலின் சோதனைகளுக்கான காற்றுப் பம்பை அமைத்துத் தந்தவர் இராபர்ட் ஹுக். அந்தப் பம்பு கசிந்தது. தோலும் எண்ணெயும் பிசின் பூச்சும் கொண்டு மூட்டுகளை அடைத்தும் அது முழுமையாக அடைபடவில்லை. பாயில் இதை மறைக்காமல் தம் சோதனைக் குறிப்புகளில் எழுதிவைத்தார். அவருடைய எதிர்வாதியான தாமஸ் ஹாப்ஸ் 1661இல் எழுதிய மறுப்பில் அக்கசிவையே பிடித்துக்கொண்டார். காற்று உள்ளே நுழைந்துகொண்டே இருக்கும் கலத்தை வைத்துக்கொண்டு வெற்றிடத்தைப் பற்றி எப்படிப் பேச முடியும் என்பது அவர் வாதத்தின் சாரம். ஸ்டீவன் ஷேப்பினும் சைமன் ஷாஃபரும் 1985இல் வெளியிட்ட ‘லெவியதனும் காற்றுப் பம்பும்’ என்னும் நூல் இவ்விவாதத்தை அறிவியல் வரலாற்றின் மையத்துக்குக் கொண்டுவந்தது. கசிவு எந்த அளவில் பொறுக்கத்தக்கது, அதை முடிவு செய்பவர் யார் என்பது அங்கே அறிவின் அதிகாரம் பற்றிய கேள்வியாக இருந்தது. அக்கேள்வி பின்னாளில் ஆய்வகத்திலிருந்து பட்டறைக்கு இடம்பெயர்ந்தது.

1901இல் இங்கிலாந்தின் ஆர்ச்சிபால்டு ஷார்ப் காப்புரிமை பெற்றது, உருண்டு மடியும் உறை போன்ற ஓர் அடைப்பு முறைக்கு. அதை மிதிவண்டியின் காற்று வில்லுக்குப் பயன்படுத்த அவர் முயன்றார். அமெரிக்காவில் வில்லியம் ஹம்ஃப்ரீஸ் என்பவர் வண்டிகளுக்கான காற்று வில்லுக்குக் காப்புரிமை பெற்றதும் அதே ஆண்டில்தான். ஷார்ப்பின் பணி குறிப்பாகக் கவனிக்கத்தக்கது. காற்றால் பாரம் தாங்க முடியும் என்பதை எவரும் மெய்ப்பிக்க வேண்டியிருக்கவில்லை. அசைந்துகொண்டே இருக்கும் ஒன்றுக்குள் காற்றை எப்படி அடைத்துவைப்பது என்பதே சிக்கல். இன்றைய எஸ்.யூ.வி.யின் சக்கரத்துக்கு மேல் இருக்கும் இரப்பர்ப் பையும் ஓர் உருளையின் மேல் உருண்டு மடிந்து ஏறி இறங்கும் உறையே. பட்டறைகளில் அதை ‘ஏர் பெல்லோ’ என்றோ ‘ஏர் பேக்’ என்றோ சொல்வர். ஷார்ப்பின் மடிப்புதான் அதன் வலிமை. அந்த மடிப்புதான் அது முதலில் வெடிக்கும் இடமும்.

பேருந்துக்குக் கிடைத்தது, காருக்குக் கிடைக்காதது

ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 1930களில் காற்றுப்பைகளை வடிவமைத்தது. ஜெனரல் மோட்டார்ஸ் அவற்றைப் பேருந்துகளில் சோதித்து, 1950களின் தொடக்கத்தில் உற்பத்திக்குக் கொண்டுவந்தது. 1954இல் ஓடத் தொடங்கிய கிரேஹவுண்டு நிறுவனத்தின் ‘சீனிக்ரூசர்’ நெடுந்தொலைவுப் பேருந்து காற்றின் மேல் ஓடியது.

பேருந்துக்குக் காற்று பொருந்தியதற்குத் தெளிவான காரணம் உண்டு. எஃகு வில்லின் விறைப்பு ஒருமுறை முடிவானது. நிறைந்த பேருந்தைத் தாங்கும் அளவுக்கு விறைப்பாக அமைத்தால், காலியாக ஓடும்போது அது தூக்கிப் போடும். காற்றுப்பையில் பாரத்துக்கேற்ப அழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். அச்சோடு நெம்புகோலால் இணைந்த ஒரு வால்வு, வண்டி தாழ்ந்தால் காற்றை ஏற்றும்; உயர்ந்தால் வெளியேற்றும். பயணிகள் ஐவரானாலும் ஐம்பதின்மரானாலும் உயரம் ஒன்றே.

அதே உத்தி 1957இல் கேடிலாக் எல்டொராடோ புரோகாம் என்னும் காரில் இடம்பெற்றது. அதன் விலை 13,000 டாலருக்குச் சற்றே அதிகம். அக்கால அமெரிக்கக் கார்களில் மிக உயர்ந்த விலைகளுள் ஒன்று. 1957, 1958 ஆகிய இரு ஆண்டுகளிலும் சேர்த்து 704 கார்களே கட்டப்பட்டன. 1958இல் ஷெவ்ரலே, பான்டியாக், ஓல்ட்ஸ்மொபைல், பியூக் என்று ஜெனரல் மோட்டார்ஸின் ஏனைய பிரிவுகளும் ஏர் சஸ்பென்ஷனைக் கூடுதல் விலைக்கு வழங்கின. ஓரிரு ஆண்டுகளில் அது பட்டியல்களிலிருந்து மறைந்தது. காற்று கசிந்தது; குழாய்களில் ஈரம் சேர்ந்தது; குளிர்காலத்தில் அது உறைந்தது; வால்வுகளில் தூசி அடைத்தது. காலையில் காரின் வயிறு தரையை நோக்கித் தாழ்ந்திருந்தது. பல உரிமையாளர்கள் முழு அமைப்பையும் கழற்றிவிட்டுச் சுருள்வில் மாட்டிக்கொண்டனர்.

ஒரே நிறுவனம், ஏறத்தாழ ஒரே காலம், ஒரே இயற்பியல். பேருந்தில் வென்றது காரில் ஏன் தோற்றது? பேருந்து கசியவில்லை என்பது விடையன்று, பேருந்தும் கசிந்தது. ஆனால் அதில் ஏர் பிரேக்குக்காகவே எஞ்சினால் ஓடும் பெரிய கம்ப்ரஸர் இருந்தது. ஓட்டுநரின் கண்முன்னே அழுத்தமானி இருந்தது. மாலையில் அது திரும்பும் பணிமனையில், சீறும் ஓசையைக் காதால் கேட்டே கசிவை அறியும் தொழிலாளர் இருந்தனர். பல நாட்கள் யாரும் தொடாமல் கொட்டகையில் நிற்கும் வழக்கம் பேருந்துக்கு இல்லை. தனியார் கார் பெரும்பாலான நேரம் நின்றுகொண்டே இருப்பது; அதைக் கவனிக்க ஊதியம் பெறும் எவரும் இலர். வாங்கியவர் கவனிப்பற்ற சொகுசையே விலைகொடுத்து வாங்கியிருந்தார். காரில் தோற்றது காற்றுப்பை என்பதைவிட, அதைச் சூழ்ந்திருக்க வேண்டிய பராமரிப்பு ஏற்பாடு எனலே பொருந்தும்.

கறை விடும் எண்ணெய், சுவடு விடாத காற்று

1955இல் பிரான்சில் சிட்ரோயன் டி.எஸ். வேறொரு வழியைத் தேர்ந்தது. அதன் வில் நைட்ரஜன் வாயு. ஆனால் அவ்வாயு உலோகக் கோளத்துக்குள் நிரந்தரமாக அடைக்கப்பட்டது. உயரத்தை ஏற்றி இறக்குவதை உயரழுத்த எண்ணெய் செய்தது. அதுவும் கசிந்தது. எனினும் எண்ணெய்க் கசிவு தரையில் கறையை விடும், தொட்டியில் மட்டம் குறையும், விரலில் ஒட்டும். எங்கிருந்து சொட்டுகிறது என்பதைப் பெரும்பாலும் கண்ணால் தொடரலாம். காற்றோ எச்சுவடும் விடாமல் போய்விடும். எஞ்சுவது அதன் விளைவு மட்டுமே: தாழ்ந்த ஒரு மூலை, வழக்கத்துக்கு மீறி ஓடும் ஒரு கம்ப்ரஸர்.

இதனால் காற்றுக் கசிவைக் கண்டறிவது நேரடிப் பார்வையைவிட அனுமானத்தையே நாடும் கலையாயிற்று. ஜெர்மனியில் 1960இன் போர்க்வர்டு பி100, 1961இன் மெர்சிடிஸ் 300எஸ்.இ. ஆகியன காற்றைத் தொடர்ந்து கையாண்டன. அவை தேர்ந்த பணியாளரின் கவனிப்பை எதிர்பார்க்கக்கூடிய விலைமட்டத்துக் கார்கள். பரவலான சந்தைக்குக் காற்று திரும்பிவரக் கவனிக்கும் வேலையை ஏற்க ஒரு புதிய பணியாள் தேவைப்பட்டது. 1980களில் அப்பணியாள் கிடைத்தது: மின்னணுக் கட்டுப்பாட்டுக் கணினி. 1984இன் லிங்கன் கான்டினென்டல் மார்க் செவன் அதன் முன்னோடிகளுள் ஒன்று.

கணினி கவனித்ததும் மறைத்ததும்

ரேஞ்ச் ரோவர் 1970இல் வெளிவந்தபோது, நீண்ட தூரம் ஏறி இறங்கும் சுருள்வில்களே அதன் சிறப்பு. கரடுமுரடான நிலத்தில் சக்கரம் தரையை விடாமலிருக்க அவை உதவின. 1992இல் அதன் நீண்ட வடிவத்தில் மின்னணு ஏர் சஸ்பென்ஷன் வந்தது. 1994இல் வெளிவந்த இரண்டாம் தலைமுறையில் அது எல்லா வண்டிகளுக்கும் பொதுவாயிற்று. பி38ஏ என்று அழைக்கப்படும் அவ்வண்டியே இன்று பழைய எஸ்.யூ.வி.களின் காற்றுக் கசிவு பற்றிய பேச்சில் முதலில் நினைவுக்கு வருவது.

அதன் அமைப்பு எளிதில் விளங்கக்கூடியது. மின்சாரத்தால் ஓடும் சிறு கம்ப்ரஸர் காற்றை அழுத்தும். ஈரம் உறிஞ்சும் மணிகள் நிறைந்த உலர்த்தி அதை உலர்த்தும். ஏறத்தாழ 10 பார் அழுத்தத்தில் அது ஒரு தொட்டியில் சேரும். மின்காந்த வால்வுகள் அடங்கிய வால்வுப் பெட்டி, மெல்லிய நைலான் குழாய்களின் வழியே நான்கு பைகளுக்கும் அதைப் பகிரும். ஒவ்வொரு மூலையிலும் உயரத்தை அளக்கும் உணரி உண்டு. ஏறி இறங்க ஒரு தாழ்நிலை, நெடுஞ்சாலைக்கு ஒன்று, வழக்கமான ஓட்டத்துக்கு ஒன்று, கரட்டு நிலத்துக்கு ஒன்று, வண்டி அடி தட்டி நிற்கும்போது மேலும் உயர ஒன்று என ஐந்து உயரநிலைகள்.

இவ்வமைப்பில் கணினி செய்த வேலை இருமுகம் கொண்டது. ஒரு மூலை சில மில்லிமீட்டர் தாழ்ந்தால் உணரி சொல்லும்; கணினி வால்வைத் திறந்து காற்றைச் சேர்க்கும்; தொட்டியில் குறைந்ததைக் கம்ப்ரஸர் நிரப்பும். ஓட்டுபவர் எதையும் உணரார். கவனிப்பு நடந்துகொண்டே இருந்தது, கவனிக்க வேண்டியவரின் அறிவுக்கு எட்டாமல். சிறு கசிவு மாதக்கணக்கில் ஈடுசெய்யப்பட்டு, கம்ப்ரஸர் தேய்ந்து தளர்ந்த பின்னரே பழுது என்ற பெயரில் வெளிப்பட்டது. அப்போது கணினி தன்னைப் பூட்டிக்கொள்ளும். வண்டி காற்றிழந்து இரப்பர் முட்டுக்கட்டைகளின் மேல் அமர்ந்துவிடும். அந்தப் பூட்டைத் திறக்கும் கருவி விற்பனையாளரின் பட்டறையில் மட்டுமே இருந்தது.

இன்னொரு நுட்பமும் கண்டறிதலைக் குழப்பியது. எஞ்சின் நின்ற பிறகும் அக்கணினி சில மணி நேரத்துக்கொருமுறை விழித்து, நான்கு மூலைகளையும் ஒப்பிட்டு, தாழ்ந்த மூலைக்குச் சமமாக ஏனையவற்றையும் இறக்கிவிடும். சரிந்து நிற்காமல் வண்டி சமமாக நிற்பதற்கான ஏற்பாடு அது. விளைவு, ஒரு பையின் கசிவு நான்கு பைகளின் தாழ்வாகத் தோன்றியது. குற்றவாளி யாரென்று தெரியாதபடி எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்திவைத்தது கணினி. இதை அறியாத பட்டறைகளில் நல்ல பைகளும் மாற்றப்பட்டன.

அளவுநாடாவும் சோப்புத் தண்ணீரும்

இவ்வண்டிகள் இரண்டாம், மூன்றாம் உரிமையாளரிடம் சென்றபோது, கண்டறியும் முறை ஒன்று பட்டறைகளிலும் பயனாளர்களிடையேயும் உருவாகி நிலைபெற்றது. அதன் படிகளை வரிசைப்படுத்திப் பார்த்தால், ஆய்வகச் சோதனைக்குச் சற்றும் குறையாத ஒழுங்கு தெரியும்.

முதற்படி, கணினியை வாயடைப்பது. இரவில் அதை விழிக்கவைக்கும் ரிலேயைக் கழற்றிவிட்டால், ஒவ்வொரு மூலையும் தன் கசிவைத் தானே காட்டும். அடுத்தது அளவு. சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்தின் மையத்திலிருந்து அதன் மேல் வளைவு வரை நான்கு மூலைகளிலும் அளந்து எழுதிவைத்து, மறுநாள் காலை மீண்டும் அளப்பது. தரையிலிருந்து அளந்தால் டயரின் காற்றும் கணக்கில் கலந்துவிடும் என்பதால் சக்கர மையமே தொடக்கப்புள்ளி. இங்கே பாயிலின் காற்று இன்னொரு எச்சரிக்கையும் தரும். பகலில் 35 பாகையில் நின்ற வண்டி இரவில் 20 பாகைக்குக் குளிர்ந்தால், கசிவே இல்லாமலும் பைகளின் கன அளவு ஏறத்தாழ 5 விழுக்காடு குறையும். பாரம் மாறாததால் அழுத்தம் அப்படியே இருக்க, உயரமே இறங்கும். நான்கு மூலைகளும் சிறிதளவு ஒருசேரத் தாழ்ந்து வெயிலேறியதும் மீண்டால் அது கசிவன்று.

ஒரு மூலை மட்டும் தாழ்ந்தால், ஐயம் அந்தப் பை, அதன் குழாய், குழாயின் இரு முனைகள், வால்வுப் பெட்டியில் அதற்குரிய வால்வு ஆகியவற்றுக்குள் சுருங்கும். வண்டி தாழாமல் காலையில் கம்ப்ரஸர் மட்டும் நெடுநேரம் ஓடினால், தொட்டியையும் அதன் இணைப்புகளையும் காற்று திரும்பிவராமல் தடுக்கும் வால்வுகளையும் பார்க்க வேண்டும். கம்ப்ரஸர் ஓடும்போதே வெளியேற்று வழியில் காற்று சீறினால், வால்வுப் பெட்டியின் உள்ளிருக்கும் சவ்வு ஐயத்துக்குரியது.

அதன் பின்னரே சோப்புத் தண்ணீர். மிதிவண்டி டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திக் குமிழியைத் தேடும் பஞ்சர் கடைக்காரரின் அறிவே இங்கும் செயல்படுகிறது. அமிழ்த்த முடியாத பொருளுக்குத் தண்ணீரைக் கொண்டுசெல்வது ஒன்றுதான் வேறுபாடு. குழாய் முனைகள், வால்வுப் பெட்டியின் மூட்டுகள், பையின் மடிப்பு என்று தெளித்துவிட்டுப் பொறுத்திருக்க வேண்டும். மெதுவான கசிவில் நுரை திரளச் சில நிமிடங்கள் ஆகும். மடிப்பின் வெடிப்புகள் வண்டி தாழ்ந்திருக்கையில் உள்ளே மறைந்திருக்கும். மிக உயர்ந்த நிலையில் பை விரியும்போது அவை வெளிவரும். ஓர் உயரத்தில் கசிந்து இன்னோர் உயரத்தில் கசியாத பைகள் உண்டு. காற்றை மட்டும் நம்பி நிற்கும் வண்டியின் கீழே எவரும் நுழையலாகாது என்பது இம்முறையின் மாறா விதி. சேசிஸ் உறுதியான தாங்கிகளின் மேல் நின்ற பிறகே கை உள்ளே போக வேண்டும். ஒரு குழாய் கழன்றால் வண்டி எச்சரிக்கையின்றி இறங்கிவிடும்.

பையா வால்வா என்பது அதன் பிறகும் தெளியாவிட்டால், ஒரு தீர்ப்புச் சோதனை உண்டு. ஐயத்துக்குரிய பையின் குழாயை வால்வுப் பெட்டியிலிருந்து கழற்றி, டயர் வால்வு ஒன்றை அதில் பொருத்தி, சாதாரண டயர் பம்பால் காற்றேற்றி இரவு முழுவதும் விட்டுவிடுவது. காலையிலும் அம்மூலை நின்றால் பையும் குழாயும் குற்றமற்றவை. பழுது வால்வுப் பெட்டிக்குள். தாழ்ந்தால் மறுதலை. சந்தேகத்தை இரண்டாக வெட்டி ஒரு பாதியை முழுமையாக நீக்கும் இந்த முறை எந்தச் சேவைக் கட்டணமும் இல்லாமல், எந்தக் கணினியும் இல்லாமல் விடை தருவது.

கசிவு ஏன் தானே வளர்கிறது

சிறு கசிவைப் பொறுத்துக்கொண்டால் என்ன என்னும் கேள்விக்கு அமைப்பின் உள்ளேயே விடை இருக்கிறது. உலர்த்தியின் மணிகள் உறிஞ்சிய ஈரத்தை, வண்டி தாழும்போது வெளியேறும் உலர்ந்த காற்று திரும்ப அதன் வழியே ஓடி வாரிக்கொண்டு போகும். கசிவின் வழியே தப்பும் காற்று உலர்த்தியைத் தொடாமலே போய்விடுகிறது. அதை ஈடுசெய்யப் புதிய ஈரக் காற்று உள்ளே வருகிறது. ஆகவே கசிவு மிகுந்தோறும் உலர்த்தி உலராமல் நிறைகிறது, ஈரம் வால்வுகளை எட்டுகிறது, துரு பிடிக்கிறது, அடைப்பு வளையங்களின் இருக்கை கெடுகிறது, புதிய கசிவு பிறக்கிறது. இதற்கிடையே இடைவிட்டு ஓடுவதற்காகவே அமைக்கப்பட்ட கம்ப்ரஸர் ஓயாமல் ஓடிச் சூடேறி, தன் பிஸ்டன் வளையத்தைத் தேய்த்துக்கொள்கிறது. தேய்ந்த கம்ப்ரஸரை மட்டும் மாற்றிக் கசிவை விட்டுவைத்த வண்டி, சில மாதங்களில் அதே பழுதோடு திரும்பிவருவதன் காரணம் இதுவே. விலை மிகுந்த உறுப்பு அறிகுறி. சில ரூபாய் பெறும் ஓ-ரிங் நோய்.

இந்த அறிவு யாரால் சேர்க்கப்பட்டது என்பது வரலாற்றில் கவனத்துக்குரியது. லேண்ட் ரோவர் 1994இல் பிரிட்டிஷ் ஏரோஸ்பேஸிடமிருந்து பி.எம்.டபிள்யூ.விடமும், 2000இல் ஃபோர்டிடமும், 2008இல் டாட்டா மோட்டார்ஸிடமும் கைமாறியது. வண்டியின் முழு வாழ்நாளும் அதனோடு இருந்தவர்கள் பயனாளர்களும் சிறு பட்டறைக்காரர்களுமே. ஓ-ரிங் தொகுப்பை வாங்கி வால்வுப் பெட்டியை மேசைமேல் பிரித்துக் கட்டியவர்கள் அவர்கள். பூட்டிக்கொண்ட கணினியை மடிக்கணினியால் திறக்கும் மென்பொருளை இலவசமாக எழுதிப் பகிர்ந்ததும் பயனாளர்களே. மறுபக்கம், 1950களின் கேடிலாக் உரிமையாளர்களைப் போலவே சலித்துப்போய்ச் சுருள்வில்லுக்கு மாறியவர்களும் ஏராளம். அதற்கான மாற்றுத் தொகுப்புகள் தனிச் சந்தையாகவே வளர்ந்தன. ஒரு தொழில்நுட்பத்தின் தோல்வியாக மட்டும் அதைக் காண்பது முழுமையாகாது. கவனிப்பின் சுமை தம் தோளில் விழுந்தபோது, அதை ஏற்பதா மறுப்பதா என்று பயனாளர் எடுத்த முடிவு அது.

இந்தியாவில் இக்கேள்வி

இந்தியாவில் காற்றுப்பை பெருமளவில் பரவியது நிறுவனங்களின் வழியே. 2001இல் அறிமுகமான வால்வோ பேருந்துகள் நெடுஞ்சாலைப் பயணிகளுக்கு அதன் மென்மையை அறிமுகப்படுத்தின. இரயில்வேயில், நெரிசல் நேரத்துப் பாரத்தின் ஏற்றத்தாழ்வைச் சமாளிக்கப் புறநகர் மின்தொடர்களிலும், பின்னர் பிற பெட்டிகளிலும் அது இடம்பெற்றது. காற்றுப்பை கொண்ட பெட்டிகளில் பொருத்தப்படும் ஒரு கருவி இங்கே சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. ‘ஃபீபா’ என்னும் சுருக்கப்பெயர் கொண்ட அது, பையில் அழுத்தம் இழக்கப்பட்டால் பிரேக் குழாயின் காற்றை வெளியேற்றித் தொடரையே நிறுத்தும். சீழ்க்கையொலியும் அடையாளமும் எந்தப் பெட்டியில் பழுது என்று காட்டும். ரேஞ்ச் ரோவரின் கணினி கசிவை ஈடுசெய்து மௌனமாக்கியது. இரயில்வே கசிவைக் கூவவைத்தது. இரண்டுக்கும் அடிப்படை ஒரே காற்றுப்பைதான். கவனிப்பதற்குப் பணிமனையும் பணியாளரும் இருக்கும் இடத்தில் கசிவை உரக்கச் சொல்வது பொருளுடையதாகிறது.

தனியார் எஸ்.யூ.வி.யின் நிலை வேறு. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் 2015ஆம் ஆண்டு ஆணையும் அதை உறுதிசெய்த உச்ச நீதிமன்றத்தின் 2018ஆம் ஆண்டு ஆணையும், பத்தாண்டைக் கடந்த டீசல் வண்டிகள் தில்லித் தலைநகர்ப் பகுதியில் ஓடுவதைத் தடுத்தன. அவ்வகை வண்டிகள் பிற மாநிலங்களின் பழைய வண்டிச் சந்தைக்குச் சென்றன. உயர்விலை எஸ்.யூ.வி. ஒன்று முதல் விலையின் சிறு பங்குக்குக் கைமாறுகையில், அதன் காற்றுப்பைகளும் முதுமை எய்தியிருக்கும். அதை வாங்குபவர் நாடுவது பெரும்பாலும் சாலையோரத் தனிப் பட்டறையை. அப்பட்டறைக்கு உதிரிபாகமும் கண்டறியும் கருவியும் கிடைக்குமா என்பது சட்டத்தின் கேள்வியாக ஏற்கெனவே எழுந்திருக்கிறது. இவற்றைத் தனிப் பட்டறைகளுக்கு எட்டாமல் வைத்திருந்ததற்காக 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் ஏறத்தாழ 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது, மேல்முறையீடுகள் தொடர்ந்தன. 2022இல் ஒன்றிய அரசின் நுகர்வோர் துறை பழுதுநீக்கும் உரிமைக்கெனக் குழு அமைத்தபோது, அது எடுத்துக்கொண்ட நான்கு துறைகளுள் மோட்டார் வண்டியும் ஒன்று.

எழுதப்படாத ஆவணம்

டேவிட் எட்ஜர்டன் 2006இல் வெளியிட்ட ‘பழமையின் அதிர்ச்சி’ என்னும் பொருள்தரும் தலைப்பு கொண்ட நூலில், தொழில்நுட்ப வரலாற்றைக் கண்டுபிடிப்பிலிருந்து விலக்கிப் பயன்பாட்டின் பக்கமும் பராமரிப்பின் பக்கமும் திருப்பினார். ஏர் சஸ்பென்ஷன் அதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு. காப்புரிமைகளின் வரிசையில் 1957இன் கேடிலாக் ஒரு முன்னேற்றம். பராமரிப்பின் வரிசையில் அது 1954இன் பேருந்தைவிடப் பின்தங்கியது. முதல் வரிசையில் பி38ஏ ஒரு சாதனை. இரண்டாம் வரிசையில் அது, கவனிப்பைக் கணினியிடம் ஒப்படைத்து, கணினியின் திறவுகோலை விற்பனையாளரிடம் ஒப்படைத்த ஏற்பாடு. அந்த ஏற்பாடு முறிந்த இடத்தில்தான் அளவுநாடாவும் சோப்புத் தண்ணீரும் தேவைப்பட்டன.

இவ்வரலாற்றின் சான்றுகள் நூலகங்களில் குறைவு. பட்டறைகளின் வேலைச்சீட்டுகள், காலந்தோறும் மாறிய உதிரிபாக எண்கள், கழற்றிப்போட்ட பழைய வால்வுப் பெட்டிகள், காதால் கேட்டே கசிவின் இடத்தைச் சொல்லும் மெக்கானிக்குகளின் நினைவு ஆகியவையே அதன் ஆவணங்கள். எந்த மூலை முதலில் தாழ்ந்தது, எது தவறாக மாற்றப்பட்டது, எந்தச் சோதனை உண்மையைக் காட்டியது என்பன அங்கேதான் பதிவாகியுள்ளன. தில்லி, கொல்கத்தா, மும்பை, கோவை எனப் பழைய வண்டிகள் திரளும் எந்நகரத்திலும் ஓர் ஆய்வு மாணவர் இன்றே தொடங்கக்கூடிய பணி இது. பாயில் தம் பம்பு கசிந்ததை எழுதிவைத்ததால்தான் மூன்று நூற்றாண்டு கழித்து அந்த அறிவின் வரலாற்றை எழுத முடிந்தது. பட்டறைகளில் கசிவைக் கண்டவர்களின் சொற்களை அவர்கள் இருக்கும்போதே குறித்துக்கொள்ள வேண்டும்.